மாட்டுக் கொட்டகைக்கு 6 ஸ்கொயர் ஒயர் இழுத்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு பிளேனர் மெஷினின் பச்சைப் பட்டனை அழுத்தினேன். எங்கள் லைனில் வோல்டேஜ் படுத்துக் கிடக்கும் நேரம் அது. மெஷின் ஒரு விநாடி உறுமியது, பிறகு ஓடிவிட்டது. ட்யூப் லைட் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியதோடு சரி. இதற்கு ஏழு வாரம், 22,340 ரூபாய், வீட்டுக்காரியிடம் வாங்கிய திட்டு தனி. மறந்துபோவதற்குள் வரிசையாக எழுதிவைக்கிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா அடித்தபோது, பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் கொல்லையில் பதினோரு தென்னையும் ஒரு பலாவும் இரண்டு பூவரசும் சாய்ந்தன. தென்னை போனது போனதுதான். பலாவையும் பூவரசையும் மில்லில் கொடுத்து ஒன்றரை அங்குலப் பலகையாக அறுத்து, இடையிடையே ரீப்பர் வைத்து மாட்டுக் கொட்டகையில் அடுக்கினேன். பிறகு மாடுகளை விற்றோம். கொட்டகை என் பட்டறையானது. கை இழைப்புளியால் நான்கு பலகை இழைத்ததில் தோள்பட்டை பேச ஆரம்பித்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு மெஷின் வரவழைத்தேன்: ஒரே மேசையில் இழைப்பு உருளை, பக்கத்தில் பத்து அங்குல வட்ட ரம்பம், அடியில் 2 ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார், 2880 சுற்று. லாரி வாடகையோடு 41,500. மோட்டார் தகட்டில் 11.5 ஆம்ப்ஸ் என்று போட்டிருந்தது. அதைப் படித்தேன். படித்துவிட்டு ஒன்றும் யோசிக்கவில்லை.

கொட்டகைக்கு ஏற்கெனவே கரண்ட் இருந்தது. மாடு இருந்த காலத்தில் ஒரு பல்புக்காகச் சமையலறை போர்டிலிருந்து ஒன்றரை ஸ்கொயர் (உள்ளிருக்கும் செம்பின் குறுக்குவெட்டு ஒன்றரை சதுர மி.மீ.) ஒயரில் இழுத்தது. 2014-இல் டிரில்லிங் மெஷின் வாங்கியபோது நானே ஒரு பவர் பிளக் சேர்த்தேன். பவர் பிளக் என்று அதற்குப் பெயர்தான். பின்னால் போவது அதே பல்பு ஒயர்.

முதல் நாள் அந்தப் பிளக்கில் செருகி சுவிட்சைப் போட்டேன். 'ம்ம்ம்ம்' என்று ஒரு முனகல். உருளை கால் சுற்று அசைந்து நின்றது. வீட்டில் எல்லா விளக்கும் மங்கி, மூன்று நான்கு விநாடியில் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்தது. திரும்பத் தூக்கிவிட்டால் திரும்ப விழுந்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தேன், மோட்டார் மட்டும் ஓடியது. பெல்ட்டை மாட்டினால் முனகல்.

விடை அங்கேயே இருந்தது. எனக்கு அது உறைக்கவில்லை. மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் போயிருக்கும் என்று முடிவுகட்டினேன். முனகும் மோட்டாருக்கு எல்லாரும் சொல்கிற முதல் வைத்தியம் அதுதானே. டவுனில் 220 ரூபாய்க்குப் புதிது வாங்கிவந்து மாட்டினேன். பழையதைக் கழற்றும்முன் அதன் இரண்டு காலையும் ஒரு குண்டு பல்பு வழியாகச் சேர்த்து, உள்ளே நிற்கும் கரண்டை இறக்கியிருக்க வேண்டும். செய்யவில்லை. கை முழங்கைவரை ஒரு உதறு உதறியது. புதுக் கெப்பாசிட்டரிலும் அதே முனகல்.

அடுத்து செய்தது இன்னும் மோசம். எம்.சி.பி. சின்னது, பெரிதாகப் போட்டால் மோட்டார் எழுந்திருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, 16 ஆம்ப்ஸைக் கழற்றிவிட்டு 32 ஆம்ப்ஸ் மாட்டினேன். மறுநாள் விடிகாலை ஐந்தரைக்குப் போட்டேன், மெஷின் ஓடியது! உட்கார்ந்து இரண்டு பலகை இழைத்தேன். சாயங்காலம் அதே மெஷின் மறுபடி முனகியது. இப்போது எம்.சி.பி. விழவில்லை, அதனால் நானும் விடாமல் ஐந்தாறு விநாடி பிடித்துப் பார்த்தேன். நாலாவது முயற்சியில் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, செவுத்துலேருந்து ரப்பர் தீயிற வாசம் வருது!"

மெயினை அணைத்துவிட்டு, தெருவில் ஒயரிங் வேலை பார்க்கும் தம்பிக்குப் போன் போட்டேன். லைசென்ஸ் வைத்திருப்பவர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். வந்ததும் மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போர்டைத் திறந்து 32-ஐப் பார்த்தார்.

"அண்ணே, எம்.சி.பி. மெஷினைக் காப்பாத்த இல்லண்ணே, ஒயரைக் காப்பாத்த. ஒன்னரை ஸ்கொயருக்கு முப்பத்திரண்டு போட்டா, ஒயர்தான் ஃப்யூஸ்."

அன்றைக்கே அந்த ஒயரைத் துண்டித்துவிடலாம் என்றார். அதற்கு முன் ஒரே ஒரு தடவை அளந்துவிடலாம் என்று பழைய 16-ஐத் திரும்ப மாட்டினார். மெயின் போர்டில் ஒரு மல்டி மீட்டர், கொட்டகைப் பிளக்கில் ஒரு மல்டி மீட்டர், ஃபேஸ் ஒயரைச் சுற்றி கிளாம்ப் மீட்டர். என் மகன் "ஒன்னு, ரெண்டு, மூணு" சொல்லி சுவிட்ச் போட்டான். சும்மா இருக்கும்போது இரண்டு இடத்திலும் 209 வோல்ட். மெஷின் முனகும் விநாடியில் மெயின் போர்டில் 195, கொட்டகையில் 154. கிளாம்ப் மீட்டரில் 54 ஆம்ப்ஸ்.

கெப்பாசிட்டரை வாங்கப் போவதற்கு முன்பே இந்த இரண்டு எண்ணையும் எடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வெளி லைனில் தொலைவது 14 வோல்ட். எங்கள் வீட்டுக்குள், நான் போட்ட ஒயரில் தொலைவது 41 வோல்ட். 230-க்குச் செய்த மோட்டாருக்கு 154 கொடுத்தால் எழுந்திருக்கும் வலு பாதிகூட இருக்காது. வோல்டேஜ் குறைந்தால் வலு அதைவிட வேகமாக, வர்க்கக் கணக்கில் குறையும். விடிகாலையில் ஓடியதற்கும் இதுதான் காரணம், அந்த நேரத்தில் லைனில் 230-க்கு மேல் இருக்கும். டிரான்ஸ்பார்மரிலிருந்து எங்களுடையது கடைசி வீடு. மும்முனை வந்து பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கினால் 210-க்கு வந்துவிடும். அதை நான் மாற்ற முடியாது. 41 வோல்ட்டை மாற்றலாம்.

புது ஒயர் என்ன தடிமன் என்பதில் தம்பிக்கும் எனக்கும் ஒரு மாலை முழுக்கப் பேச்சு. 11 ஆம்ப்ஸ் ஓடுவதற்கு இரண்டரை ஸ்கொயரே தாங்கும், சூடாகாது. ஆனால் எங்கள் சிக்கல் சூடு இல்லை, தூரம். வராந்தா மெயினிலிருந்து காம்பவுண்டுச் சுவர் ஓரமாகக் கொட்டகைக்கு வர 30 மீட்டர், போக வர 60. 4 ஸ்கொயர் செம்பில் கிலோமீட்டருக்கு ஐந்து ஓம் கணக்கு, 60 மீட்டருக்கு 0.3. 6 ஸ்கொயரில் 0.2. மோட்டார் எழும்பும்போது 60 ஆம்ப்ஸ் இழுத்தால் முதலாவதில் 18 வோல்ட் போகும், இரண்டாவதில் 12. ஆறு வோல்ட் வித்தியாசத்துக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம் அதிகம். சாயங்கால 209-ஐ நினைத்து 6 ஸ்கொயருக்கே போனேன். சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றும் 30 மீட்டர் வீதம், மீட்டர் 88 ரூபாய், 7,920. கடைக்காரர் எர்த்துக்கு இரண்டரை போதும் என்று சொல்லிப் பார்த்தார். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை.

பைப் 25 மி.மீ. பி.வி.சி., பத்து நீளம். காம்பவுண்டுச் சுவரின் வடக்குப் பக்கமாக, வெயில் நேரே படாத இடத்தில், இரண்டடிக்கு ஒரு சேடில். இந்த வேலை மொத்தமும் நானே செய்தேன், ஒன்றரை நாள். பெருமையாகத்தான் இருந்தது, ஒயரை இழுக்க ஆரம்பிக்கும்வரை. வராந்தாவிலிருந்து கொட்டகை போவதற்குள் நான்கு வளைவில் பைப் பெண்டு வைத்திருந்தேன், நடுவில் ஒரு பெட்டிகூட இல்லை. ஜி.ஐ. கம்பியை விட்டு, ஒயர் மூன்றுக்கும் முகப் பவுடர் தடவி, நான் தள்ள மகன் இழுத்தான். மூன்றாவது பெண்டில் சிக்கிக்கொண்டது. அரை டப்பா பவுடர் தீர்ந்தும் நகரவில்லை. கடைசியில் அந்தப் பெண்டை அறுத்தெடுத்துவிட்டு ஒரு ஜங்ஷன் பெட்டி வைத்து, அதிலிருந்து இரண்டாம் கட்டமாக இழுத்தோம். இரண்டு பெண்டுக்கு ஒரு பெட்டி என்பதை வாங்கும்போதே கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

எர்த் வேலைக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. கொட்டகைப் பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கிறது, மூன்றாவதில் எர்த் இருக்கிறது என்றுதான் பத்து வருடமாக நினைத்திருந்தேன். தம்பி 100 வாட் குண்டு பல்பின் ஒரு காலை ஃபேஸிலும் மறுகாலை எர்த்திலும் வைத்தார். பல்பு எரியவே இல்லை. தீக்குச்சி முனையளவு சிவப்புகூடத் தெரியவில்லை. ஒயரைத் தேடிக்கொண்டு போனால், தண்ணீர்த் தொட்டி ஓரம் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் ஜி.ஐ. கம்பி துருவேறி, பல்குச்சி போல இற்று, தொட்டதும் கையோடு வந்தது. அத்தனை வருடம் அந்த டிரில்லிங் மெஷினை ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று பிடித்திருக்கிறேன்.

புது எர்த் குழி கொட்டகைச் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி. 40 மி.மீ. ஜி.ஐ. பைப், இரண்டரை மீட்டர் நீளம், சுற்றிலும் ஓட்டை போட்டது. நான்கடிவரை மண்வெட்டிக்கு வந்தது. அதற்குக் கீழே செம்பாறை. கடப்பாரை பிடிக்க ஆள் வைத்தேன், 900 ரூபாய். பைப்பைச் சுற்றி அடுப்புக்கரி ஒரு அடுக்கு, கல்லுப்பு ஒரு அடுக்கு என்று மேல்வரை. தலைமாட்டில் தண்ணீர் ஊற்ற ஒரு புனல், மேலே சிமெண்டுத் தொட்டி, மூடி. இரண்டு நாள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். தம்பியின் எர்த் டெஸ்டரில் 3.8 ஓம் வந்தது, ஐந்துக்குள் இருந்தால் நல்லது என்றார். அதே குண்டு பல்பு இப்போது கண் கூசும்படி எரிந்தது. பல்பு வைத்துப் பார்ப்பதென்றால், கரண்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடும் ஆர்.சி.சி.பி. மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும், மாட்டிய பிறகு பல்பைத் தொட்ட உடனே அது விழுந்துவிடும். தம்பிக்கு இது தொழில். அவர் பார்க்காமல் நான் அந்தப் பல்பைக் கையில் எடுக்கமாட்டேன்.

மெயினில் இணைக்கும் நாள் ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கி தம்பி தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பையில இருக்குற வரைக்கும் யாரும் போட முடியாதுல்ல" என்றார். வராந்தாவில் ஒயரைக் காக்க 32 ஆம்ப்ஸ் டபுள் போல் எம்.சி.பி. கொட்டகைக்குள் ஒரு சின்ன டி.பி. பெட்டி: முதலில் 40 ஆம்ப்ஸ், 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி., அதற்குப் பின் மெஷினுக்கு 20 ஆம்ப்ஸ் 'சி' ரகம், விளக்குக்குத் தனியாக 6 ஆம்ப்ஸ். பழைய 16 ஏன் விழுந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. அது 'பி' ரகம், தன் மேல் எழுதிய ஆம்ப்ஸில் மூன்று முதல் ஐந்து மடங்குக்குள் பட்டென்று விழக்கூடியது, அதாவது 48-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும். மெஷின் கேட்டதோ 54. 'சி' ரகம் ஐந்து முதல் பத்து மடங்கு, 20 ஆம்ப்ஸில் நூறு வரை பொறுத்துக்கொள்ளும். விளக்கைத் தனியாகப் பிரித்ததற்குக் காரணம் எளிது: ரம்பம் சுற்றிக்கொண்டிருக்கும்போது எம்.சி.பி. விழுந்து கூடவே இருட்டாகவும் ஆகிவிட்டால், கை எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

6 ஸ்கொயர் ஒயரின் நுனியைச் சீவினால் தலைமுடி மாதிரி 84 இழை. அதை அப்படியே முறுக்கி எம்.சி.பி.யில் செருகித் திருகினால் பாதி இழை ஓரத்தில் பிதுங்கிவிடும். நுனியில் 'பின் லக்' என்ற சின்ன உலோகக் குழாயைப் போட்டு, கிரிம்பிங் டூலால் நசுக்கி, பிறகுதான் செருக வேண்டும். ஒரு இடத்தில், ஒரே ஒரு இடத்தில், லக் தீர்ந்துவிட்டது என்று வெறும் ஒயராகச் செருகினேன். ஒரு வாரம் கழித்துத் தொட்டுப் பார்த்தபோது அந்த எம்.சி.பி. மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. மறுபடி கழற்றி லக் போட்டேன்.

எல்லாம் முடித்து கரண்ட் கொடுத்தோம். விளக்கு சுவிட்சைப் போட்டேன், 'டக்' என்று ஆர்.சி.சி.பி. விழுந்தது. மெஷின் பிளக்கையே செருகவில்லை. ட்யூப் லைட்டை மாற்றினேன், ஹோல்டரை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டார். போனில் விவரம் சொன்னதும் ஒரே கேள்வி கேட்டார்: "லைட்டோட நியூட்ரல் எங்கேருந்துண்ணே வருது?" விளக்கின் ஃபேஸைப் புதுப் பெட்டிக்கு மாற்றியிருந்தேன். நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பும் கறுப்பு ஒயர் மட்டும் பழையபடி சமையலறை போர்டிலேயே இருந்தது. போன கரண்ட் வந்த வழியாகத் திரும்பாமல் வேறு வழியாகப் போனால் ஆர்.சி.சி.பி.க்கு அது கசிவு. அதன் வேலையை அது ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. கறுப்பையும் புதுப் பெட்டிக்குக் கொண்டுவந்தேன், நின்றது. பழைய ஒயரிங்கோடு புது ஆர்.சி.சி.பி.யைச் சேர்க்கிறவர்கள் இந்த அரை நாளை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

ஸ்டார்ட்டர் பற்றியும் சொல்லவேண்டும். மெஷினோடு வந்தது வெறும் ஆன்-ஆஃப் சுவிட்ச். கரண்ட் போய்விட்டால் ஆஃப் செய்ய மறந்துவிட்டு, பலகையை எடுக்க ரம்பத்தின் மேல் குனிகிறோம் என்று வையுங்கள். அந்த நேரம் கரண்ட் திரும்பி வந்தால்? பம்புசெட்டுக்குப் போடும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் என்றால், கரண்ட் போனதும் உள்ளே காயிலின் காந்தத்தால் ஒட்டியிருக்கும் காண்டாக்டர் விட்டுவிடும், பச்சைப் பட்டனை மறுபடி அமுக்கினால்தான் ஓடும். 2,150 ரூபாய்க்கு ஒன்று வாங்கிவந்து மாட்டினேன். பட்டனை அமுக்கினால் காண்டாக்டர் ஒட்டாமல் உள்ளுக்குள் நடுங்கியது. மூடியைக் கழற்றி காயிலின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன், 415 வோல்ட் என்று பொடி எழுத்தில் இருந்தது. எங்கள் ஊரில் ஸ்டார்ட்டர் கேட்டால் மும்முனைக்குத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், கேட்டு வாங்காதது என் தப்பு. 240 காயில் மாற்றிக் கொடுத்தார்கள். மோட்டார் அளவுக்கு மேல் இழுத்தால் நிறுத்திவிடும் ஓவர்லோட் ரிலேயை 11.5-இல் வைத்தோம். அதில் இன்னொன்று, ரிலேயின் மூன்று வழியிலும் கரண்ட் ஓட வேண்டும். ஃபேஸை முதல் வழியில் விட்டு, சுற்றிக் கொண்டுவந்து மூன்றாவதிலும் விட்டு, நியூட்ரலை நடுவில் விட்டால் சரியாக இருக்கும். ஒரு வழி சும்மா இருந்தால் ஃபேஸ் போய்விட்டது என்று எண்ணி அது விழுந்துகொண்டே இருக்கும்.

ஞாயிறு சாயங்காலம் மறுபடி மூன்று மீட்டர், மறுபடி "ஒன்னு, ரெண்டு, மூணு". சும்மா இருக்கும்போது அதே 209. எழும்பும் விநாடியில் மெயினில் 193, கொட்டகையில் 181, கிளாம்ப் மீட்டரில் 63 ஆம்ப்ஸ். உள்ளே தொலைந்த 41 இப்போது 12. ஓடத் தொடங்கியபின் சும்மா சுற்றும்போது ஆறரை ஆம்ப்ஸ், பலா இழைக்கும்போது பத்து, பதினொன்று. ஒரு தடவைக்கு அரை மி.மீ.க்கு மேல் சீவாமல் இருந்தால் மோட்டார் வருத்தப்படுவதில்லை.

மொத்தம் 22,340, வீணாகப் போன கெப்பாசிட்டரையும் சேர்த்து. தம்பிக்கு 2,400, அது குறைச்சல்தான், பலாவில் ஒரு முக்காலி செய்து கொடுப்பதாகப் பேச்சு. "மெஷின் வெலையில பாதிக்கு மேல செவுத்துல ஒட்டிட்டு வந்திருக்கீங்க" என்றாள் வீட்டுக்காரி. கணக்கு சரிதான்.

மறுபடி செய்வதாக இருந்தால் பைப்பை 32 மி.மீ. ஆகப் போடுவேன், கூடவே காலி பைப் ஒன்றும். தூசி உறிஞ்ச ஒரு புளோயர் வாங்கும் எண்ணம் இருக்கிறது, அதற்கு மறுபடி சேடில் அடிக்க வேண்டாம். மெஷினைச் செருகும் மெட்டல் பிளக்கை அதன் இடது பக்கச் சுவரில் வைத்ததும் தப்பு. ஆறடிப் பலகை அந்தப் பக்கமாகத்தான் வெளியே வருகிறது, நுனி போய் பிளக்கில் இடிக்கிறது. இப்போதைக்குப் பலகையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து ஓட்டுகிறேன். இந்த வாரம் பிளக்கை இரண்டடி மேலே ஏற்ற வேண்டும். இப்போதும் சில மாலைகளில் லைன் 190-க்கு இறங்கிவிடுகிறது. பெட்டி மேல் ஒரு வோல்ட் மீட்டர் வைத்திருக்கிறேன், 200-க்குக் கீழே காட்டினால் மெஷினைத் தொடாமல் உப்புத்தாளோடு உட்கார்ந்துவிடுவேன்.

பழைய ஒன்றரை ஸ்கொயரை நேற்று உருவி எடுத்தோம். சமையலறைச் சுவரில் ரப்பர் வாசம் வந்த இடத்தில், பைப்புக்குள்ளேயே ஒரு ஜாயிண்ட். இரண்டு நுனியையும் முறுக்கி, மேலே டேப் சுற்றியது. டேப் உருகி வழிந்து, கறுத்து, உரித்தால் செம்பு ஊதா நிறத்தில் இருந்தது. யார் போட்ட ஜாயிண்ட் என்று தம்பி கேட்டார். 2014-இல் நான்தான். அந்த இடத்தை இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளி வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருக்கிறேன். கோழிக்கூட்டுக்கு ஒரு எல்.இ.டி. பல்பு போட வேண்டும், அதற்கு அது தாராளம்.